பாவித்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்: எதை வாங்குவது, எதை மாற்றுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மார்க்கம் நகரில் பெற்றோருடன் வசிக்கிறேன். வயது 24. முழுமையான ‘ஜி’ சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. வேலை செய்து சேமித்த 20,000 டொலரில் ஒரு பாவித்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, சஸ்பென்ஷன், சைலன்சர், சில்லுகள், முடிந்தால் எஞ்சின் என்று படிப்படியாக மாற்றியமைக்க விரும்புகிறேன். நிசான் 350இஸட், சயன் எஃப்ஆர்-எஸ், மஸ்டா எம்எக்ஸ்-5, ஹொண்டா சிவிக் எஸ்ஐ ஆகிய நான்கையும் மனதில் வைத்திருக்கிறேன். தினமும் வேலைக்குப் போவதும் இதே காரில்தான். ‘கறள் பிடித்த பழைய காரில் காசைக் கொட்டாதே’ என்று அப்பா சொல்கிறார். எதை வாங்கலாம்? வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில்: கறளைப் பற்றி உங்கள் அப்பா சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஒன்ராறியோவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எஞ்சின் பழுதானால் அதை இறக்கிவிட்டு இன்னொன்றைப் பொருத்தலாம்; கியர்பொக்ஸையும் அப்படியே மாற்றலாம். ஆனால் குளிர்காலந்தோறும் வீதியில் தூவப்படும் உப்பு அரித்துவிட்ட உடற்பகுதியை மீட்பதற்கு, பழுதான தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை ஒட்ட வேண்டியிருக்கும். ஒழுங்காகச் செய்தால் அந்தக் கூலி பல சமயங்களில் காரின் பெறுமதியையே தாண்டிவிடும். மாற்றியமைக்க நினைக்கும் உங்களுக்கு இதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. கறள் ஏறிய சஸ்பென்ஷன் ஆணிகள் கழற்ற வராமல் முறிந்துவிடும், மூட்டுகளிலுள்ள புஷ்கள் என்ற றப்பர் வளையங்கள் இரும்போடு ஒட்டிப்போய் இருக்கும், ஆகவே ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று நாள் இழுபட்டு, நீங்கள் வாங்கிய புதுப் பாகத்தின் விலையைவிடப் பழைய பாகத்தைக் கழற்றும் கூலி கூடிவிடும். எனவே எந்த மாதிரி என்று தீர்மானிப்பதற்கு முன்னரே, அது குளிர்காலத்தில் ஓடிய காரா, ஓடாமல் நிறுத்திவைக்கப்பட்ட காரா, ஆண்டுதோறும் அடிப்பக்கத்துக்கு ஒயில் தெளிக்கப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். தெளித்திருந்தால் பற்றுச்சீட்டும் இருக்கும்.

கேட்டால் மட்டும் போதாது. காரை லிஃப்டில் ஏற்றி, கீழே நின்று, கையில் டோர்ச்சுடன் பார்க்க வேண்டும். எம்எக்ஸ்-5 காரில் துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள வடிகால்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. இலையும் தூசியும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் கதவுக்குக் கீழுள்ள பக்கவாட்டுப் பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். அதனால் பின்சில்லுக்குச் சற்று முன்னால் பூச்சு கொப்பளித்திருந்தால், வெளியே தெரிவதைவிட உள்ளே சேதம் அதிகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1998க்குப் பின் வந்த இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சட்டத் தண்டுகளும் இதேபோல் உள்ளிருந்து அரிபடும். சிவிக் கார்களில் பின்சில்லு வளைவுகளை விரலால் தடவிப் பாருங்கள். எந்தக் காராக இருந்தாலும், விற்பனைக்குச் சற்று முன்னர் அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு பூசப்பட்டிருந்தால், எதை மறைக்கப் பூசினார்கள் என்று தெரியும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது காப்புறுதி. மனதுக்குப் பிடித்த காரைக் கண்டதும் முற்பணம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு காப்புறுதி முகவரை அழைக்கும் இளைஞர்கள் பலர். ஒழுங்கு நேர்மாறாக இருக்க வேண்டும். நான்கு கார்களுக்கும், முடிந்தால் குறிப்பிட்ட காரின் அடையாள எண்ணையே கொடுத்து, இரண்டு மூன்று இடங்களில் கட்டணம் கேளுங்கள். 24 வயதில் ஒரே ஆளுக்கு இந்த நான்குக்குமிடையே வரும் வித்தியாசம், ஓராண்டில் ஒரு நல்ல சஸ்பென்ஷன் தொகுதியின் விலைக்குச் சமமாகலாம். நீங்கள் செய்யப்போகும் மாற்றங்களையும் அப்போதே சொல்லிக் கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் சஸ்பென்ஷனையும் சில்லுகளையும் ஏற்றுக்கொண்டு, எஞ்சின் வலுவைக் கூட்டும் வேலைகளை மறுக்கும். சொல்லாமல் செய்துவிட்டு விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்படுவதற்கு நீங்களே காரணத்தைக் கொடுத்தவர் ஆவீர்கள்.

20,000 டொலர் என்பது காரின் விலையாக இருக்கக் கூடாது. தனியாரிடம் வாங்கினாலும் பதிவு செய்யும்போது 13 சதவீத வரி கட்ட வேண்டும். நீங்கள் கொடுத்த விலை, அந்த மாதிரிக்குரிய மொத்த விற்பனைப் பெறுமதி ஆகிய இரண்டில் எது கூடியதோ அதன்மேல் வரி கணக்கிடப்படும் என்பதால், பத்திரத்தில் குறைத்து எழுதித் தப்பலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அதைக் கேட்காதீர்கள். 14,000 டொலர் கார் வரியுடன் 15,820 ஆகிறது. மீதமுள்ள நான்காயிரத்துச் சொச்சத்தில் வாங்குமுன் செய்யும் பரிசோதனை, காப்புறுதியின் முதற்கட்டணம், தனிச் சில்லுகளில் ஏற்றிய குளிர்கால டயர்கள், எஞ்சின், கியர்பொக்ஸ், டிஃபரென்ஷல் (இரு பக்கச் சில்லுகளுக்கும் வலுவைப் பகிரும் பல்சக்கரத் தொகுதி) ஒயில்களும் பிரேக் திரவமும் மாற்றும் செலவு என்பன போக, முதலாண்டு மாற்றங்களுக்குச் சிறு தொகையே மிஞ்சும். அது போதும். முதலாண்டில் அதற்குமேல் மாற்றுவதற்கு நான் உடன்படவும் மாட்டேன். காரின் இயல்பை அறிந்துகொள்ள ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் தேவை.

இனி நான்கு கார்களைப் பார்ப்போம். 350இஸட் காரின் 3.5 லீற்றர் ஆறு உருளை எஞ்சின் 2003இல் 287 குதிரைவலுவுடன் வந்தது. இந்த விலையில் நேராக இழுக்கும் பலம் வேறெதிலும் இவ்வளவு கிடைக்காது. ஆனால் எந்த ஆண்டின் எஞ்சின் என்பது இங்கே மிக முக்கியம். 2005, 2006 ஆண்டுகளில் சில கார்களில் வந்த 300 குதிரைவலு எஞ்சின், ஒயில் குடிப்பதாகப் பெயர் எடுத்தது. 2007, 2008 கார்களின் 306 குதிரைவலு எஞ்சின் மேம்பட்டதே என்றாலும், சங்கிலி மூடிக்குப் பின்னாலுள்ள ஒயில் வழித்தட காஸ்கெட் (பாகங்களின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பு) கிழிந்து ஒயில் அழுத்தம் குறையும் குறை அதில் இருக்கிறது. அந்த காஸ்கெட்டின் விலை சொற்பம். அதை அடையும் வேலை பெரிது. இத்துடன் கனம், எரிபொருள் செலவு, பின்சில்லு இழுவையுடன் பனியில் தினமும் வேலைக்குப் போவது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாவது கார் வைத்திருக்கும் ஒருவருக்கே இதைச் சிபாரிசு செய்வேன்.

எட்டாம் தலைமுறை சிவிக் எஸ்ஐ, அதாவது 2006 முதல் 2011 வரை வந்தது, உங்கள் பட்டியலில் அன்றாட வாழ்க்கைக்கு மிகப் பொருத்தமானது. 2 லீற்றர் எஞ்சின் 197 குதிரைவலுவைத் தருகிறது, நிமிடத்துக்கு 8,000 சுழற்சி வரை சலிக்காமல் ஏறுகிறது, முன்சில்லுகளுக்கிடையே, ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழல்வதைக் குறைக்கும் இயந்திரமுறை லிமிட்டெட்-ஸ்லிப் டிஃபரென்ஷலும் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. மூன்றாம் கியர் கரகரப்பதோ, வேகமெடுக்கும்போது தானாகக் கழன்று விழுவதோ இந்தக் கார்களில் நன்கு அறியப்பட்ட நோய்; ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் சூடேறிய பின்னர் இரண்டிலிருந்து மூன்றுக்கு விரைவாகப் பலமுறை மாற்றிப் பாருங்கள். இதே எஞ்சினுடன் கனடாவில் மட்டும் விற்கப்பட்ட அக்யூரா சிஎஸ்எக்ஸ் டைப்-எஸ் காரையும் தேடுங்கள். தோற்றத்தில் அடக்கமானது என்பதால் அதை முரட்டுத்தனமாக ஓட்டாதவர்கள் வைத்திருந்திருக்கக் கூடிய வாய்ப்பு அதிகம். எப்படியும் இந்த சிவிக்குகள் இப்போது பதினைந்து குளிர்காலமோ அதற்கு மேலோ கண்டவை என்பதை மறக்க வேண்டாம்.

எம்எக்ஸ்-5 காரில் உங்கள் பணத்துக்கு ஏற்றது 2006 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை. இளையவர்கள் முதல் தலைமுறையின் மேலெழும் விளக்குகளில் மயங்குகிறார்கள், அந்த ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆனால் தினமும் ஓட்டுவதற்கும் விபத்தில் உயிர் காப்பதற்கும் மூன்றாம் தலைமுறையே மேல். 2009இல் செய்த திருத்தத்தில் எஞ்சின் உட்பாகங்கள் வலுப்படுத்தப்பட்டு, சுழற்சி எல்லை 7,200க்கு உயர்ந்ததால், அதற்குப் பிந்தியதைத் தேடுங்கள். எதிர்காலத்தில் வலு போதவில்லை என்று தோன்றினால், இதன் 2 லீற்றர் எஞ்சினுக்குப் பதிலாக அதே குடும்பத்தின் 2.5 லீற்றர் எஞ்சினைப் பொருத்துவது பலரும் செய்து பழகிய வேலை. இரண்டே இருக்கைகள் உங்கள் வாழ்க்கைக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் தெரிவு எஃப்ஆர்-எஸ். சயன் என்ற பெயர் 2016இல் நிறுத்தப்பட்ட பின் இதே கார் ரொயோட்டா 86 ஆக 2020 மாதிரி ஆண்டு வரை விற்கப்பட்டது. சுபாரு பிஆர்இஸட் இதன் உடன்பிறப்பு. சுமார் 1,250 கிலோ எடை, 200 குதிரைவலு, தாழ்வாக வைக்கப்பட்ட கிடைநிலை எஞ்சின், பின்சில்லு இழுவை என்று ஓட்டக் கற்பிக்கும் குணங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. பின்னிருக்கையை மடக்கினால் நான்கு சில்லுகளைக் காருக்குள்ளேயே அடுக்கலாம். உங்கள் பட்டியலில் வயது குறைந்ததும் இதுதான், ஆகவே கறள் குறைந்ததைக் கண்டுபிடிப்பதும் எளிது. மூன்று பெயர்களில் விற்கப்பட்டதால் பாகங்களுக்கும் அனுபவமுள்ள மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை.

இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2013 மாதிரி ஆண்டுக் கார்களுக்கு வால்வு ஸ்பிரிங்குகளை மாற்ற 2018இல் திரும்ப அழைப்பு விடுக்கப்பட்டது. அந்த வேலைக்கு எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். மீண்டும் மூடும்போது பூசிய சீலன்ட் என்ற அடைப்புப் பசையின் பிசிறுகள் ஒயில் வழியை அடைத்து, வேலை முடிந்த பின்னர் எஞ்சின் செத்த கார்களும் உள்ளன. ஆகவே 2013 காரைப் பார்த்தால், அடையாள எண்ணைக் கொடுத்து அந்த வேலை நடந்ததா, எப்போது நடந்தது, அதன்பின் எத்தனை கிலோமீற்றர் பிரச்சினையின்றி ஓடியது என்று அறியுங்கள். இந்தத் தலைவலி வேண்டாமென்றால் 2015 அல்லது அதற்குப் பிந்தியதை எடுங்கள்.

எதை வாங்கினாலும், முந்தைய உரிமையாளர் எதையும் மாற்றாத காராகப் பாருங்கள். மாற்ற விரும்புகிறவருக்கு நான் இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். அடுத்தவர் செய்த மாற்றத்தில் நீங்கள் வாங்குவது அவருடைய ரசனையையும் அவருடைய அவசரத்தையும்தான். எஞ்சின் கணினியில் என்ன எழுதப்பட்டது, யார் எழுதினார், எந்த எரிபொருளுக்கு எழுதினார் என்பதை வெளியிலிருந்து பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. மாற்றிவிட்டு, விற்பதற்காகத் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவந்த கார்களும் சந்தையில் உண்டு. அவற்றை அடையாளம் காணச் சில வழிகள் இருக்கின்றன: புத்தம்புதிதாகத் தெரியும் தனியொரு ஆணி, வெட்டி ஒட்டிய வயர், உள்மடிப்பு நசுக்கப்பட்ட சில்லு வளைவு, ஸ்பிரிங் இருக்கையில் சுரண்டிய தடம். எஞ்சின் கணினியில் ஸ்கேனரை மாட்டும்போது பிழைக்குறிகள் ஏதும் இல்லை என்று வந்தால் அதோடு நின்றுவிடாமல், சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்ற பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை முடியாமல் இருந்தால் அண்மையில்தான் குறிகள் அழிக்கப்பட்டிருக்கின்றன அல்லது பாட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. சில நாள் ஓட்டிய பின் மறுபடி வந்து பாருங்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் அரை நிமிடத்தில் எழுப்பும் சத்தமும் விடும் புகையும் சொல்வதை, சூடான எஞ்சின் சொல்லாது. பிறகு விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு கராஜில் பரிசோதனை செய்வியுங்கள். ‘சேஃப்டி’ சான்றிதழ் இருக்கிறதே என்று அதைத் தவிர்க்க வேண்டாம். 36 நாள் மட்டும் பதிவுக்குச் செல்லுபடியாகும் அந்தச் சான்றிதழ், பிரேக், டயர், விளக்கு, உடற்சட்டம் போன்றவை அந்த நாளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச நிலையில் இருந்தன என்று மட்டுமே சொல்கிறது. எஞ்சினின் உள்நிலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாராக விற்பவர் பாவித்த வாகனத் தகவல் பொதியை உங்களுக்குத் தர வேண்டியது ஒன்ராறியோவில் சட்டக் கடமை. அதில் முந்தைய உரிமையாளர் வரலாறும், காரின்மேல் கடன் பதிவு இருக்கிறதா என்பதும் தெரியும். கடனோடு வாங்கினால், அதை அடைக்காத பழைய உரிமையாளருக்காக உங்கள் கார் பறிபோகலாம். உரிமைப் பத்திரத்திலுள்ள பெயரும் எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘நண்பருக்காக விற்கிறேன்’ என்பவர் பெரும்பாலும் அனுமதியின்றி வியாபாரம் செய்யும் கேர்ப்சைடர். அவரிடம் வாங்கினால் பிறகு முறையிட இடமிருக்காது.

வாங்கிய பின் எதிலிருந்து தொடங்குவது? டயரிலிருந்து. இந்தக் காரை வேகமாக நிறுத்துவதும் வளைப்பதும் டயர்தான் என்பதால், நல்ல கோடை டயர் ஒரு தொகுதியும், ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே இறுகிப்போகாத குளிர்கால டயர் ஒரு தொகுதியும் முதற்செலவாக இருக்க வேண்டும். குளிர்கால டயர் போட்டால் காப்புறுதி நிறுவனம் கட்டணத்தில் கழிவு தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். அடுத்தது புது பிரேக் திரவமும் தரமான பிரேக் பாட்களும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய பின் அதன் கொதிநிலை இறங்கும், வேகமாக இறங்கும் ஒரு நீண்ட சரிவில் மிதி திடீரெனத் தாழும்போதுதான் அது தெரியவரும். அதன்பின் தேய்ந்த புஷ்களும், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டாம்பர்களும், கடைசியில் நான்கு சில்லுக் கோணச் சீரமைப்பும். எஃப்ஆர்-எஸ் காரில் முன்சில்லின் மேற்புறத்துக்கு உள்நோக்கிச் சற்றுக் கூடுதல் சாய்வு கொடுத்துச் சீரமைத்தாலே, புதுக் கார் வாங்கியது போன்ற உணர்வு வரும். தாழ்த்துவதானால் 25 மில்லிமீற்றருக்கு மேல் போக வேண்டாம். அதற்குமேல் முன்பக்கக் கைகளின் கோணம் கெட்டு, வளைவில் கார் கூடுதலாகவே சாய விரும்பும். ஸ்பிரிங்கும் டாம்பரும் ஒன்றாக அமைந்த, உயரம் மாற்றக்கூடிய மலிவான கோய்லோவர்கள் இரண்டு குளிர்கால உப்பில் இறுகி, பிறகு அசையவே மாட்டா. குளிர்காலத்தில் ஓட்டும் காருக்கு நல்ல டாம்பரும் பொருத்தமான ஸ்பிரிங்கும் போதும்.

எஞ்சினில் கைவைப்பதைக் கடைசிக்கு விடுங்கள். எஃப்ஆர்-எஸ் எஞ்சினின் நடுச்சுழற்சியில் ஒரு தொய்வு இருக்கிறது; எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் ஹெடர் குழாயை மாற்றி எஞ்சின் கணினியையும் திருத்தி எழுதினால் அது பெரிதும் நீங்கும். ஆனால் சந்தையில் விற்கும் ஹெடர்களில் பல, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் இல்லாதவை. அதை அகற்றுவது ஒன்ராறியோவில் குற்றம். பயணிகள் காருக்கான புகைப் பரிசோதனைத் திட்டம் 2019இல் நிறுத்தப்பட்டதால் அது அனுமதிக்கப்பட்டது என்று சிலர் சொல்வது தவறு. சைலன்சரும் அப்படியே, அளவுக்கு மீறிய சத்தத்துக்குப் பொலிஸார் தண்டச்சீட்டு தரலாம். 12.5க்கு 1 என்ற உயர்ந்த அமுக்க விகிதமுள்ள இந்த எஞ்சினுக்கு டர்போ மாட்டுவது தனியொரு பெரிய வேலை, அதற்கு இன்னொரு 20,000 டொலர் சேர்த்த பிறகு யோசியுங்கள்.

கார் தயாரானதும் அதை விரட்டிப் பார்க்க ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் பந்தயத் தடம். பௌமன்வில் அருகே, மொஸ்போர்ட் என்ற பெயரில் 1961இல் திறக்கப்பட்ட தடம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. வாகன நிறுத்திடங்களில் கூம்பு வைத்து நடத்தும் ஓட்டோகுரோஸ் அதைவிட மலிவு. வழமையான காப்புறுதி தடத்தில் செல்லாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். வீதியில் வேக எல்லை 80 கிலோமீற்றருக்குக் குறைந்த இடத்தில் அதை 40 கிலோமீற்றராலோ, 80 அல்லது அதற்கு மேற்பட்ட இடத்தில் 50 கிலோமீற்றராலோ தாண்டிப் பிடிபட்டால், அந்த இடத்திலேயே கார் 14 நாட்களுக்கும் அனுமதிப்பத்திரம் 30 நாட்களுக்கும் பறிக்கப்படும். குற்றவாளியாகக் காணப்பட்டால் தண்டம் 2,000 டொலரில் தொடங்கும். அதன் பிறகு காப்புறுதி நிறுவனம் கேட்கும் தொகையில் இந்தக் காரை நீங்கள் வைத்திருக்க முடியாது.

கேள்வி: நிசான் சில்வியா எஸ்15 ஒன்றை ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்ய முகவர் ஒருவர் முன்வந்திருக்கிறார். ‘ஜப்பான் கார் என்றால் கறளே இருக்காது, தரம் 4 கார்’ என்கிறார். நம்பலாமா?

பதில்: 15 ஆண்டுக்கு மேற்பட்ட காரைக் கனடாவின் பாதுகாப்புத் தராதரங்களுக்கு மாற்றாமலே கொண்டுவரலாம் என்பது உண்மை, அமெரிக்காவில் இதற்கு 25 ஆண்டுகள் ஆக வேண்டும். எஸ்15 1999 முதல் 2002 வரையே தயாரிக்கப்பட்டதால் இங்கே வயதில் தடையில்லை. ஆனால் கறள் இருக்காது என்ற பேச்சை ஏற்க வேண்டாம். ஹொக்கைடோவிலும் வடக்கு ஹொன்ஷுவிலும் பனி பெய்கிறது, வீதியில் உப்பும் போடுகிறார்கள். கடலோர ஊர்களின் காற்றிலும் உப்பு இருக்கிறது. கார் எந்தப் பிரதேசத்தில் ஓடியது என்பதை ஏற்றுமதிக்கு முன்னரே கேளுங்கள்.

ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலையைக் குறித்து எழுதும் ஏலத்தாளின் படத்தை முகவர் மொழிபெயர்த்துச் சொல்வதோடு விடாமல், மூலத்தையே அனுப்பச் சொல்லி வாங்குங்கள். மேலேயுள்ள தரம் ஒரு சுருக்கம்தான். உண்மை, காரின் உருவப்படத்தில் எழுதப்பட்ட குறிகளில் இருக்கிறது. ‘ஏ’ கீறல், ‘யு’ பள்ளம், ‘டபிள்யு’ திருத்திப் பூசிய அலை, ‘எஸ்’ கறள், ‘சி’ அரிப்பு; பக்கத்திலுள்ள எண் கூடினால் சேதமும் கூடும். தரத்துக்குரிய இடத்தில் எண்ணுக்குப் பதில் ‘ஆர்’ இருந்தால் அது விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்ட கார். சறுக்கி ஓட்டும் போட்டிகளில் சில்வியா எவ்வளவு விரும்பப்பட்டது என்பதை நினைத்தால், அடிபடாத ஒன்று கிடைப்பது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

இங்கே வந்த பின்னும் வேலை இருக்கிறது. இடப்பக்கமாக ஓட்டும் நாட்டுக்கான முன்விளக்குகள் இடது ஓரத்தை நோக்கி ஒளியை உயர்த்துவதால், நம் வீதியில் எதிரே வருபவரின் கண்ணில் அது அடிக்கும். அவற்றை மாற்ற வேண்டும். வலப்பக்கச் சுக்கான் உள்ள காரை ஏற்கும் காப்புறுதி நிறுவனங்கள் குறைவு, அதிலும் இளம் சாரதிக்குக் குறைவு. அந்த எழுத்துமூல உறுதி கையில் வரும்வரை முகவருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: மகன் பார்த்துவைத்த சுபாரு டபிள்யுஆர்எக்ஸ் காரில் ‘பன்னிரண்டாயிரம் டொலர் பாகங்கள் போட்டிருக்கிறேன்’ என்று விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். அது நியாயமா, ஐயா?

பதில்: இல்லை, அம்மா. பொருத்திய பாகங்களின் விலை காரின் விலையில் முழுமையாகச் சேராது. அவருடைய விருப்பத்துக்கு அவர் செலவழித்தது அது. டர்போ காரில் வலு கூட்டப்பட்டிருந்தால் விலை குறைய வேண்டும் என்பதே என் கருத்து. 2.5 லீற்றர் எஞ்சினுள்ள டபிள்யுஆர்எக்ஸ் கார்களில் பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் மெல்லிய விளிம்புகள் உடைவது அறியப்பட்ட பலவீனம், எஞ்சின் கணினியை அவசரமாகத் திருத்தி எழுதினால் அது இன்னும் சீக்கிரம் வரும். எஞ்சின் உருளைகளின் அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையும், அந்த அமுக்கம் கசிகிறதா என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனையும் செய்ய விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். கழற்றிய தொழிற்சாலைப் பாகங்கள் எல்லாவற்றையும், கணினியைத் திருத்தியவரின் பற்றுச்சீட்டையும் தருவாரா என்றும் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மறுத்தாலும் மகனை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: மஸ்டா ஆர்எக்ஸ்-8 மிக மலிவாகக் கிடைக்கிறது. முதற்காராக வாங்கலாமா?

பதில்: அழகான கார், ஓட்ட அருமையான கார், மலிவுக்குக் காரணம், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் அதன் ரோட்டரி எஞ்சின். அது இயல்பாகவே ஒயிலை எரிப்பது என்பதால், எரிபொருள் நிரப்பும் வேளைகளிலெல்லாம் ஒயில் மட்டத்தைப் பார்த்து ஊற்றும் பழக்கம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, சூடாகுமுன் சில மீற்றர் நகர்த்திவிட்டு நிறுத்தினால், எரிபொருள் தேங்கி மறுபடி இயங்க மறுக்கும். முதற்காராக வேண்டாம் என்பேன். இருந்தும் மனம் அதிலேயே நின்றால், ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால், ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியே அளந்து பாருங்கள். சாதாரண கம்ப்ரெஷன் கருவி காட்டும் ஒற்றை எண் இங்கே பயன்படாது. 250 சுழற்சிக்குச் சரிக்கட்டிய அளவில் எந்த முகமாவது 680 கிலோபஸ்கலுக்குக் கீழே இருந்தால், எஞ்சினைத் திறந்து கட்டும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். விற்பவர் இணங்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.